டீக்கடைக்காரர்கள் செய்த கம்ப்யூட்டர்!

"சொன்னதைச் செய்தால் மட்டும் போதுமா? கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டாமா?" இன்று பெரிய கம்பெனிகளில் எல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. 70 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டீக்கடைக் கம்பெனி இதற்கு விடை சொல்லிவிட்டது!

உலகில் முதன் முதலாக அன்றாட வியாபாரக் கணக்குப் போட்ட கம்ப்யூட்டர் எது தெரியுமா?

அதைச் செய்தது பெரிய பாங்கு அல்ல. இரும்புத் தொழிற்சாலையும் அல்ல.

லண்டனில் டீயும் கேக்கும் விற்ற ஒரு கம்பெனி!

ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? அது ஒரு சுவையான கதை. அந்தக் கதைக்குள் ஒரு பாடமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் முன், இரண்டு தையற்காரர்களைப் பார்ப்போம்.

இரண்டு தையற்காரர்கள்

பையனுக்குச் சட்டை தைக்க வேண்டும். துணியை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போகிறீர்கள்.

முதல் தையற்காரர் அளவு எடுக்கிறார். சொன்ன தேதியில் சட்டையைக் கொடுக்கிறார். அளவு சரியாக இருக்கிறது. ஆனால் 6 மாதத்தில் சட்டை பிடித்துப் போகிறது.

இரண்டாவது தையற்காரர் அளவு எடுக்கும்போதே, "பள்ளிக்கூடத்துக்கா, விசேஷத்துக்கா?" என்று கேட்கிறார். பிறகு, "வளரும் பிள்ளை அம்மா! உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கிறேன். அடுத்த வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்" என்கிறார்.

இருவரும் கேட்டதைத்தான் செய்தார்கள். ஆனால் இரண்டாமவர் உங்களோடு சேர்ந்து யோசித்தார்.

கம்பெனிகளில் கம்ப்யூட்டர் இலாகா என்று ஒன்று உண்டு. மற்ற இலாகாக்களுக்குத் தேவையான கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்து கொடுப்பது அதன் பொறுப்பு. அது முதல் தையற்காரரைப்போல இருக்க வேண்டுமா? இரண்டாவது தையற்காரரைப்போல இருக்க வேண்டுமா?

இதுதான் கேள்வி.

ஊரெல்லாம் டீக்கடை

அந்த டீக்கடைக் கம்பெனியின் பெயர், "லயன்ஸ்".

1894ஆம் ஆண்டு லண்டனில் பிக்காடில்லி என்ற தெருவில் அதன் முதல் டீக்கடை திறக்கப்பட்டது. சுத்தமான கடை. நல்ல டீ. விலையும் குறைவு. கூட்டம் குவிந்தது. ஒரு கடை பல கடைகளாகப் பெருகியது.

கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் அணிந்த பெண்கள் பரிமாறினார்கள். அவர்களுக்கு "நிப்பி" என்று பெயர். சுறுசுறுப்பானவள் என்று பொருள்.

கடை பெருகியது. கூடவே கணக்கும் பெருகியது!

ஒரு கோப்பை டீயில் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. ஒரு துண்டு கேக்கிலும் அப்படித்தான். ஆனால் நாள் ஒன்றுக்கு எத்தனையோ ஆயிரம் கோப்பைகள், எத்தனையோ ஆயிரம் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்கு. நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள் நாள் முழுவதும் கூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

சம்பாதித்த சில்லறையைக் கணக்குச் செலவே தின்றுவிடும்போல் இருந்தது.

லயன்சில் ஜான் சிம்மன்ஸ் என்ற அதிகாரி இருந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். "குமாஸ்தாக்களை விரட்டி வேலை வாங்குவதில் பயன் இல்லை. வேலை செய்யும் முறையையே ஆராய வேண்டும்" என்பது அவர் எண்ணம்.

அதற்காகவே தனி இலாகா ஒன்று ஏற்பட்டது. அந்த இலாகாக்காரர்கள் கடை, பேக்கரி, கிடங்கு என்று எங்கும் போவார்கள். வேலை நடப்பதைப் பார்ப்பார்கள். "இந்தச் சீட்டு எதற்கு? இதை யார் படிக்கிறார்கள்? படித்து என்ன செய்கிறார்கள்?" என்று கேட்பார்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டது!

அமெரிக்காவில் கிடைத்த செய்தி

1947ஆம் ஆண்டு லயன்ஸ் கம்பெனி இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஒருவர் தாம்சன். மற்றவர் ஸ்டாண்டிங்போர்டு. அங்கே ஆபீஸ் வேலைகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வருவது அவர்கள் வேலை.

அமெரிக்க ஆபீசுகளில் அவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது.

அப்போது "மின்சார மூளை" பற்றி உலகமே பேசத் தொடங்கியிருந்தது. பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிடுவதற்காகச் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்கள் அவை. விஞ்ஞானிகளுக்கும் ராணுவத்துக்கும் மட்டுமே அவை பயன்படும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டீக்கடைக்காரர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள்.

"குண்டுக்குக் கணக்குப் போடும் இயந்திரம் கேக்குக்குக் கணக்குப் போடாதா?"

பிரின்ஸ்டன் என்ற ஊரில் கோல்ட்ஸ்டைன் என்ற விஞ்ஞானியைச் சந்தித்தார்கள். அவர் சொன்ன செய்தி அவர்களைத் தூக்கி வாரிப் போட்டது. "உங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கிறார்களே!" என்றார் அவர்.

வெண்ணெயை வீட்டில் வைத்துக்கொண்டு, நெய்க்கு ஊரெல்லாம் அலைந்த கதை!

இருவரும் திரும்பி வந்தார்கள். கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். அங்கே கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். லயன்ஸ் கம்பெனி அவருக்கு 3 ஆயிரம் பவுண்டு கொடுத்தது. உதவிக்கு ஒரு தொழில்நுட்ப ஊழியரையும் அனுப்பியது.

1949ஆம் ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் வேலை செய்தது. அதைப்போல ஒன்றைத் தாங்களே செய்துகொள்வது என்று டீக்கடைக் கம்பெனி முடிவு செய்தது. வேறு வழியும் இல்லை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரை அப்போது யாரும் ஆபீசுக்கு விற்கவில்லை!

பாதரசத்தில் ஞாபகம்!

போர்க்காலத்தில் ராடார் கருவிகளில் வேலை செய்த பிங்கர்ட்டன் என்ற என்ஜினீயர் நியமிக்கப்பட்டார். லண்டனில் லயன்ஸ் தலைமை ஆபீசும் பேக்கரியும் இருந்த இடத்திலேயே கம்ப்யூட்டர் உருவாயிற்று.

அதற்கு "லியோ" என்று பெயர் வைத்தார்கள். சிங்கத்தைக் குறிக்கும் சொல் அது. லயன்ஸ் மின்னணு ஆபீஸ் என்பதன் சுருக்கமும் அதுவே.

இன்று கம்ப்யூட்டர் சட்டைப் பையில் அடங்குகிறது. லியோ ஒரு பெரிய மண்டபத்தையே அடைத்துக்கொண்டது. உள்ளே சுமார் 6 ஆயிரம் வால்வுகள். பழைய ரேடியோவில் ஒளிருமே, அந்த மாதிரி வால்வுகள்! எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ள, பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள் இருந்தன.

1951ஆம் ஆண்டு லியோ வேலையைத் தொடங்கியது. முதல் வேலை என்ன? பேக்கரிக் கணக்கு! வாரந்தோறும் எவ்வளவு ரொட்டி, எவ்வளவு கேக் செய்யப்பட்டது, அவற்றின் மதிப்பு என்ன என்று அது கணக்கிட்டுக் கொடுத்தது.

அடுத்துச் சம்பளக் கணக்கு வந்தது. ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட, அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை வினாடி போதும்!

ஆனால், "இனி எல்லாம் மெஷின்தான்" என்று அவர்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சம்பளம் என்பது குடும்பத்தின் சோறு. தவறு வந்தால் என்ன ஆவது? ஆகவே மெஷின் ஒரு பக்கமும், குமாஸ்தாக்கள் ஒரு பக்கமுமாகச் சில காலம் கணக்குப் போட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம்பிக்கை வந்த பிறகே மெஷினிடம் விட்டார்கள்.

தினமும் எதற்கு முழுப் பட்டியல்?

1954ஆம் ஆண்டு நடந்த வேலைதான் இந்தக் கதையின் உச்சம்.

ஒவ்வொரு டீக்கடைக்கும் ஒரு நிர்வாகி உண்டு. பெரும்பாலும் பெண்கள். மறுநாளைக்கு என்ன பண்டம், எத்தனை வேண்டும் என்று அவர் தினமும் எழுதி அனுப்ப வேண்டும். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட கடைகளிலிருந்து பட்டியல்கள் வரும். அவற்றைக் கூட்டி, பேக்கரிக்கும் சமையற் கூடத்துக்கும் தனித்தனியே பிரிக்க வேண்டும்.

"இந்தப் பட்டியல்களைச் சீக்கிரம் கூட்டிக் கொடுங்கள்" என்று கம்ப்யூட்டர் இலாகாவிடம் சொல்லலாம். அவர்களும் கூட்டிக் கொடுக்கலாம். கேட்டது கிடைத்துவிடும்.

ஆனால் லயன்ஸ்காரர்கள் அதற்கு முந்திய கேள்வியைக் கேட்டார்கள்.

"தினமும் முழுப் பட்டியல் எதற்கு?"

யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை வியாபாரம் பெரும்பாலும் போன திங்கட்கிழமை மாதிரியேதான் இருக்கும். மாறுவது சில பண்டங்கள்தான். வெயில் அடித்தால் ஒன்று கூடும். மழை பெய்தால் ஒன்று குறையும்.

ஆகவே ஒவ்வொரு கடைக்கும், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழக்கமான பட்டியல் முன்கூட்டியே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கப்பட்டது. நிர்வாகி செய்ய வேண்டியது என்ன? தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொல்ல வேண்டும். "நாளைக்கு ரொட்டி 10 கூட. கேக் 5 குறைவு." அவ்வளவுதான்!

தலைமை ஆபீசில் இருந்த பெண் ஊழியர், அதைக் கேட்டுக்கொண்டே அட்டையில் துளையிடுவார். துளையிட்ட அட்டைகளை லியோ படிக்கும். பேக்கரி எவ்வளவு செய்ய வேண்டும், எந்தக் கடைக்கு எதைக் கட்டி அனுப்ப வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும்.

நிர்வாகிக்கு எழுத்து வேலை குறைந்தது. பேக்கரிக்குச் சரியான கணக்கு கிடைத்தது. மேலதிகாரிகளுக்கு, எந்தக் கடையில் எது விற்கிறது என்பது உடனுக்குடன் தெரிந்தது.

இந்த யோசனை கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவர்களுக்கு வராது. டீக்கடை மட்டும் தெரிந்தவர்களுக்கும் வராது. இரண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் வரும்!

யார் அந்த ஆட்கள்?

அப்படி உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் டேவிட் கேமினர்.

1936ஆம் ஆண்டு லயன்சில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தவர். போருக்குப் போனார். துனிசியாவில் நடந்த சண்டையில் ஒரு காலை இழந்தார். திரும்பி வந்து மீண்டும் லயன்சில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மிகவும் கண்டிப்பானவர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரி பார்த்தே தீர வேண்டும் என்பார்.

2008ஆம் ஆண்டு அவர் காலமானபோது, "உலகின் முதல் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்" என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி அதை வகுத்துக் கொடுப்பவருக்கு அந்தப் பெயர்.

மேரி கூம்ப்ஸ் என்ற பெண் இன்னொருவர். கல்லூரியில் அவர் படித்தது பிரெஞ்சு மொழி! லயன்சில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1952ஆம் ஆண்டு, கம்பெனி தன் ஊழியர்களுக்கே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியது. மேரி அதில் சேர்ந்தார். தேர்வு பெற்றார். வியாபாரக் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதிய முதல் பெண் என்ற புகழ் அவருக்குக் கிடைத்தது.

இதைக் கவனிக்க வேண்டும். ஆட்களை வெளியிலிருந்து மட்டும் கொண்டு வரவில்லை. தொழில் தெரிந்த சொந்த ஊழியர்களுக்கே கம்ப்யூட்டரைக் கற்றுக் கொடுத்தார்கள். ஆகவே இரு தரப்பாருக்கும் இடையே சுவர் இல்லை.

சுவர் எழுந்தது

பிற்காலத்தில் கம்ப்யூட்டர்கள் பெருகின. கம்பெனிதோறும் கம்ப்யூட்டர் இலாகா வந்தது. குளிர்சாதன அறைக்குள் அது போய் உட்கார்ந்தது. அதன் பேச்சு மற்றவர்களுக்குப் புரியவில்லை. மற்றவர்களின் தொழில் அதற்குப் புரியவில்லை.

"வேண்டியதை எழுதிக் கொடுங்கள். முறைப்படி வரிசையில் செய்து தருவோம்" என்றது கம்ப்யூட்டர் இலாகா.

"கேட்டு 6 மாதம் ஆயிற்று. வந்தது நாங்கள் நினைத்தது இல்லை" என்றன மற்ற இலாகாக்கள்.

"நீங்கள் எழுதியதைத்தானே செய்தோம்?" என்றது கம்ப்யூட்டர் இலாகா.

இரண்டு பேர் பேச்சிலும் பொய் இல்லை. ஆனால் பணம் போயிற்று. காலமும் போயிற்று.

முதல் நாளில் 6 பேர்!

இதனால் எவ்வளவு பெரிய விபரீதம் வரும் என்பதை அமெரிக்க அரசாங்கமே அனுபவித்தது.

அமெரிக்காவில் மருத்துவச் செலவு மிக அதிகம். இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவர் நோயில் விழுந்தால் குடும்பமே கடனில் விழும். அப்படிப்பட்டவர்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் கிடைக்க, ஜனாதிபதி ஒபாமா 2010ஆம் ஆண்டு சட்டம் கொண்டு வந்தார். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் மூலம் இன்ஷ்யூரன்ஸ் எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடும் செய்யப்பட்டது.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி அது திறக்கப்பட்டது. லட்சக்கணக்கானவர்கள் முயன்றார்கள்.

முதல் நாளில் இன்ஷ்யூரன்ஸ் எடுத்து முடிக்க முடிந்தவர்கள் எத்தனை பேர்?

6 பேர்!

என்ன நடந்தது? அந்த வேலை 55 காண்ட்ராக்டர்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அவரவர் தங்கள் ஒப்பந்தத்தில் இருந்ததைச் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தது திறப்பதற்கு முந்திய 2 வாரங்களில்தான்.

இன்னொரு கூத்தும் இருந்தது. கடைக்குள் வந்தவர் முதலில் சாமானைப் பார்ப்பார். பிறகுதான் பெயர், விலாசம் எல்லாம் கொடுப்பார். இங்கேயோ, பெயரைப் பதிவு செய்தால்தான் சாமானையே பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள்! கூட்டமெல்லாம் வாசலிலேயே நெரிந்து நின்றுவிட்டது.

வாங்க வருகிறவரின் நிலையில் இருந்து யோசித்திருந்தால் இப்படி வைத்திருப்பார்களா?

ஒரே அறையில் எல்லோரும்

பிறகு கூகுள் போன்ற கம்பெனிகளில் அனுபவம் பெற்ற சிலர் உதவிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் மைக்கி டிக்கர்சன்.

அவர்கள் முதலில் செய்தது என்ன? வெவ்வேறு கம்பெனி ஆட்களை ஒரே அறையில் கூட்டினார்கள். தினமும் கூட்டம் நடந்தது. டிக்கர்சன் 3 விதிகளை வைத்தார்.

பிரச்சினையைத் தீர்க்க மட்டுமே கூட்டம். பழி போட அல்ல.

விஷயம் தெரிந்தவர்தான் பேச வேண்டும். அவர் சிறிய ஊழியராக இருந்தாலும் சரி. பெரிய பதவிக்காரர் என்பதற்காகப் பேசக் கூடாது.

இப்போது அவசரமானதை மட்டும் பேச வேண்டும்.

2 மாதத்தில் நிலைமை சீர்பட்டது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலுக்குள், புதிய சட்டத்தின்படி இன்ஷ்யூரன்ஸ் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தொட்டது.

6 எங்கே, 80 லட்சம் எங்கே!

ஜவுளிக் கடையில் நெரிசல்

இனி நம் கண்ணெதிரே நடக்கக் கூடிய ஓர் உதாரணம்.

ஒரு பெரிய ஜவுளிக் கடை. பண்டிகை நேரம். பில் போடும் இடத்தில் நீண்ட வரிசை. "இன்னும் 2 கம்ப்யூட்டர் வேண்டும்" என்கிறார் மானேஜர்.

சொன்னதைச் செய்யும் இலாகா 2 கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடும். செலவு ஆகும். வரிசையோ குறையாது.

சேர்ந்து யோசிக்கும் இலாகா என்ன செய்யும்? அதன் ஆள் ஒருவர் பில் போடும் பெண்ணின் பக்கத்தில் அரை நாள் நிற்பார். அப்போது விஷயம் தெரியும். சில புடவைகளில் விலைச் சீட்டு மங்கலாக இருக்கிறது. மெஷின் படிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாடிக்கு ஆள் அனுப்பி விலை கேட்கிறார்கள்!

மாற்ற வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல, விலைச் சீட்டை. இதை அந்தப் பெண்ணிடம் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் கேள்வி வேண்டாம்

"அப்படியானால் எதைக் கேட்டாலும் எதற்கு, எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

வேண்டாம். ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்றால், உடனே சரி செய்து கொடுக்க வேண்டும். அங்கே ஆராய்ச்சி தேவை இல்லை. சிறிய வேலைகளை விரைவாகச் செய்து கொடுக்கும் இலாகாவின் மீதுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்த பிறகே, "எதற்கு?" என்று கேட்டால் கோபம் வராது.

பெரிய வேலை என்றால் முறை வேறு. தொழில் தெரிந்தவர் ஒருவரும், கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒருவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து இருக்க வேண்டும். சிறிய பகுதியாகச் செய்து, உபயோகிப்பவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். குறையைத் திருத்தி, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். முடிவில், "எத்தனை வேலை முடித்தோம்?" என்று எண்ணாமல், "யாருக்கு என்ன சிரமம் குறைந்தது?" என்று எண்ண வேண்டும்.

இதில் மற்ற இலாகாக்களுக்கும் பங்கு உண்டு. "எழுதிக் கொடுத்துவிட்டோம். இனி உங்கள் பாடு" என்று இருந்தால் காரியம் ஆகாது. நல்ல ஊழியரை அனுப்ப வேண்டும். அவருக்கு நேரமும் கொடுக்க வேண்டும். இரு கை தட்டினால்தான் ஓசை வரும்.

லியோ என்ன ஆயிற்று?

லியோ புகழ் பெற்றது. 1954ஆம் ஆண்டு டீக்கடைக் கம்பெனி, கம்ப்யூட்டர் விற்பதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. போர்டு மோட்டார் கம்பெனியின் இங்கிலாந்துத் தொழிற்சாலைக்கும் லியோ சம்பளக் கணக்குப் போட்டது. பிரிட்டிஷ் தபால் இலாகாவில் லியோ வகைக் கம்ப்யூட்டர்கள் 1981ஆம் ஆண்டு வரை உழைத்தன.

ஆனால் போட்டி கடுமையாயிற்று. கம்ப்யூட்டர் தொழிலுக்கு மலை மலையாக முதல் வேண்டும். 1963ஆம் ஆண்டு லியோ கம்பெனி வேறொரு கம்பெனியுடன் இணைந்தது. முதல் லியோ கம்ப்யூட்டர் 1965ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. 1978ஆம் ஆண்டு லயன்ஸ் கம்பெனியே வேறொருவர் கைக்குப் போயிற்று.

நல்ல யோசனை இருந்தால் மட்டும் வியாபாரம் நிலைத்துவிடாது. இதுவும் உண்மைதான்.

ஆனால் லியோவில் வேலை பார்த்தவர்கள் கற்றதை மறக்கவில்லை. அவர்களில் பிராங்க் லேண்ட் என்பவர் பிறகு லண்டனில் பேராசிரியர் ஆனார். தொழிலையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பார்க்கும் கல்வியை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

பாதரசக் குழாய்கள் போய்விட்டன. வால்வுகள் அணைந்துவிட்டன. இன்றைய கம்ப்யூட்டரின் வேகத்துக்கு முன்னால் லியோ ஒரு நத்தை.

ஆனால் அன்று அந்த டீக்கடைக்காரர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் வயது ஆகவில்லை. செலவே இல்லாத கேள்வி. ஒரே ஒரு சொல்.

"எதற்கு?"